ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்க வந்தவர்

எங்கள் கடை முதலாளி அக்காவுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்ட அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இந்த மாத்திரையை நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

டாக்டர் பேனாவை மூடப் போனவர் அப்படியே நிறுத்தினார். "இல்லைங்களே" என்றார்.

"உங்க வீட்டுல யாராவது?"

வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. டாக்டர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளாமல் யோசித்தார். "என் பொண்ணுக்கு ஒரு தடவை குடுத்திருக்கேன்" என்றார்.

"கசக்குதுன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"சரிங்க" என்று அக்கா திருப்தியாக எழுந்துகொண்டார். கசக்கும் என்பதில் என்ன திருப்தியோ தெரியவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்பது அவர் வேலை, பதில் சொல்வது ஊராரின் வேலை என்று எப்போதோ முடிவாகிவிட்டதுபோல நாங்கள் நடந்துகொண்டோம்.

மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக்கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய மேட்சிங் சென்டர் இருந்தது. புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுக்கும் கடை. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டிய அகலம்தான். சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்கத் துணிக்கட்டு. பச்சையில் மட்டுமே ஒரு சுவர். அதில் நானும் செல்வியும் வேலை பார்த்தோம். அக்கா கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நிற்பார். ஊருக்கே மேட்சிங் பார்த்துக் கொடுத்தவர் கட்டும் புடவைக்கும் போடும் ரவிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அரக்குப் புடவைக்கு ஊதா ரவிக்கை போட்டுக்கொண்டு வருவார். அவரிடம் துணி எடுத்த பெண்கள் வெளியே போய் அதைப் பற்றிப் பேசிச் சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு துணியும் வாசலுக்குக் கொண்டுபோனால் வேறுவேறாகத் தெரியும். அதனால் புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்று பார்ப்போம். எல்லாக் கடையிலும் இதைச் செய்வார்கள். அக்கா இன்னும் ஒரு படி மேலே போவார். சந்தில் வெயில் விழாது என்பதால் வந்தவரை அப்படியே நடத்திக்கொண்டு வீதி முனைக்கே போய்விடுவார். ஒருநாள் வானம் மூடிக் கிடந்தது. ஒரு பெண் மாம்பழ மஞ்சளில் பட்டுப்புடவை கொண்டுவந்திருந்தாள். அக்கா மூன்று மஞ்சளை எடுத்து வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இன்னைக்கு வெயில் இல்லைங்க. நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் மணப்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். எனக்கே கோபம் வந்தது. எந்தக் கடைக்காரராவது வெயில் இல்லை என்று வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவாரா? அவள் மறுநாள் வந்தாள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

"பார்த்துட்டு சொல்றேன்" என்பதுதான் அவர் அதிகம் பேசிய வாக்கியம். விலை ஏறப்போகிறது என்று ஏஜென்ட் சொன்னாலும் அதுதான் பதில், சொர்க்கம் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அதுதான் பதில்.

எங்கள் சந்துக்கும் சுற்றியுள்ள சின்னச் சின்ன வீதிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஞாயிறும் திறப்போம், அதில் யாருக்கும் மறுப்பில்லை. மற்ற ஞாயிறுகளில் ஒரு ஈ காக்காய் இருக்காது. ஆனால் வீதி முனையில் இருந்த பெரிய ஷோரூம்கள் வருடம் முழுக்கத் திறந்திருந்தன, அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் பிதுங்கியது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் ஆட்களுக்கும் வயிற்றெரிச்சல் கிளம்பியது. நாமும் ஞாயிறு திறக்கலாமா என்று வியாபாரிகள் சங்கத்தில் பேச்சு வந்தது. பாத்திரக் கடை மாடியில் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் பெண் என்று அக்கா ஒருவர்தான், அதனால் துணைக்கு என்னையும் கூட்டிப் போவார்.

பாத்திரக் கடைக்காரர்தான் சங்கத் தலைவர். திறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "ஜனங்களுக்கு லீவு ஞாயித்துக்கிழமைதான். அன்னைக்குப் பார்த்து நாம கதவைச் சாத்திக்கிட்டா அவங்க எங்க போவாங்க? ஷோரூமுக்குத்தான் போவாங்க. அங்க ஏ.சி. போட்டிருக்கான், பிள்ளைக்கு பலூன் குடுக்கறான்" என்றார்.

வளையல் கடைக்காரர் கூடாது என்றார். "சேலை எடுக்கற பொம்பளை சனிக்கிழமை எடுப்பாங்க, இல்லேன்னா ஞாயித்துக்கிழமை எடுப்பாங்க. ரெண்டு நாளுமா எடுப்பாங்க? கரண்டு பில்லுதான் மிச்சம்."

"வேலை பாக்கறவங்களுக்கு வாரத்துல வேற ஒரு நாள் லீவு குடுத்துட்டாப் போச்சு. அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார் தலைவர்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா வளையல் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மாமியார் வீட்டுக்குப் போவேன்."

"பிடிச்சுப் போவீங்களா?"

மாடியே சிரித்தது. வளையல் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து முடிவு செய்வது என்று கூட்டத்தை முடித்தார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று தலைவர் அக்காவைக் கேட்டார். அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் கடையில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் அக்கா எங்களைக் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?"

செல்வி ஜீயபுரத்திலிருந்து வருபவள். என்னைவிட பத்து வயதாவது சின்னவள், மாமியார், மாமனார், கொழுந்தன், குழந்தைகள் என்று வீடு நிறைய ஆள். அவள் தலையைச் சொறிந்துகொண்டு, "சும்மாதான்க்கா இருப்போம்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நானும், "சும்மாதான்க்கா" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். வாய்க்கால் மேட்டுக்கும் வீட்டுக்கும் பத்து நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தவளை என்ன பண்றே என்று கேட்டால் சும்மாதான் இருக்கேன் என்பாள். ஒரு மரியாதைக்குச் சொல்வது. நான் இத்தனை வேலை செய்கிறேன் என்று யாராவது பட்டியல் போடுவார்களா? ஆனால் கேட்டவர் அக்கா. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆள்.

"ரெண்டு பேருமே சும்மாதானா?" என்று யோசித்தார். "அப்படின்னா ஞாயித்துக்கிழமை கடைக்கு வந்தா ஒண்ணும் கெட்டுப் போகாதுங்கறீங்க."

சொல்லிவிட்டு ஊசிநூல் டப்பாவைத் துடைக்கப் போய்விட்டார். நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வாயால் நாங்களே கெடுத்துக்கொண்டோம்.

என் காரணம் இதுதான். என் வீட்டுக்காரர் துறையூரில் ஒரு அரிசி மில்லில் இருந்தார். நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பாதி நாள் ராத்திரி வேலையாகத்தான் இருக்கும். துறையூர் ஒன்றும் தூரம் இல்லை, ஆனால் ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டுத் தினம் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்துபோக உடம்பு கேட்காது. அதனால் மில்லிலேயே தங்கிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் போனார். அது பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் பெண்ணையும் கட்டிக் கொடுத்தாயிற்று. மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை என்று மாறினால் அவர் வரும்போது நான் கடையில் இருப்பேன், நான் வீட்டில் இருக்கும்போது அவர் பாய்லரில் இருப்பார். புருஷன் பெண்டாட்டி என்று பேருக்குத்தான் இருக்க வேண்டும்.

இதை அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்று இப்போது யாராவது கேட்பார்கள். எப்படிச் சொல்வது? நாற்பத்தைந்து வயதில், பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை என் புருஷன் வீட்டில் இருப்பார், எனக்கு லீவு வேண்டும் என்று ஒரு பொம்பளை வாயைத் திறந்து சொல்வாளா? அதுவும் கல்யாணமே செய்துகொள்ளாத அக்காவிடம்? அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது கடைவீதியில் யாருக்கும் தெரியாது. எல்லோரையும் எல்லாமும் கேட்டவரை அந்த ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஜீயபுரத்துக்குப் போனார். சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே செல்வி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். "எதுக்குக்கா வந்தீங்க" என்று அவள் பதறியிருக்கிறாள். "நீ சும்மா இருக்கறதைப் பாக்கலாம்னு வந்தேன். நீ உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம்.

திங்கட்கிழமை செல்வி கடைக்கு வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது. முதலாளி வீடு தேடி வந்தால் யார் அவர்பாட்டுக்கு இருக்கட்டும் என்று விடுவார்கள்? வீட்டைக் கழுவி, அக்கா கறி சாப்பிடமாட்டார் என்பதால் அவருக்குத் தனியாகச் சமைத்து, வீட்டாருக்குக் கறி வேறு சமைத்து, வாழைத்தோப்பைச் சுற்றிக் காட்டி, மாமியாரிடம் அக்கா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமியாரே மறந்துபோன பதிலைத் தேடிக் கொடுத்ததில், ஒரு வாரத்துத் துணி துவைக்காமலே கிடந்ததாம்.

"ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்னு பாக்க வந்து ஞாயித்துக்கிழமையே இல்லாமப் பண்ணிட்டாங்கக்கா" என்று என்னிடம் புலம்பினாள்.

ஆனால் போகும்போது வாசலில் வைத்து அக்கா அவளை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "எந்த நாள் லீவு விட்டா உனக்கு நல்லா இருக்கும்?" அதற்குச் செல்வி சொன்ன பதிலைக் கேட்டு நான் ஆடிப்போனேன்.

"செவ்வாக்கிழமை கேட்டேன்க்கா. ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் வீட்டுல இருக்காங்க. அவரு, பிள்ளைங்க, கொழுந்தன், எல்லாரும். அது வேணும் இது வேணும்னு பொழுதன்னைக்கும் அடுப்புலதான் நிக்கணும். அவங்களுக்கு லீவு, எனக்கு ரெண்டு மடங்கு வேலை. செவ்வாக்கிழமைன்னா அவரு வேலைக்குப் போயிடுவாரு, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும், மாமியார் அக்கம்பக்கத்துல பேசக் கிளம்பிடுவாங்க. ரேஷன் கடை தெறந்திருக்கும், ஆஸ்பத்திரி தெறந்திருக்கும். ஒருத்தியா இருப்பேன்க்கா. படுத்துத் தூங்குவேன்."

நாலு வருடமாக என் பக்கத்தில் நின்று துணி கிழித்தவள். ஞாயிறு லீவு வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வந்தாலே தலைவலி வரும் என்பது நினைவுக்கு வந்தது. அது ஒற்றைத் தலைவலி என்று நாங்களாகவே வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது என் முறை. எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் சரியாகவே சாப்பிடவில்லை. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருந்தது ஒரு அய்யங்கார் வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை. கறி சமைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் வீட்டுக்கார மாமி போட்ட கண்டிஷன். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அவரும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவோம். எங்கள் ஊர்சுற்றல் அவ்வளவுதான்.

அக்கா பதினொரு மணிவாக்கில் வந்தார். முன்கட்டில் மாமியின் குரல் கேட்டது. "யாரு, பெருமாள் சேவிக்க வந்தவாளா? இது வீடு. கோயில் அந்தப் பக்கம்."

"இல்லைங்க. ஞாயித்துக்கிழமையைப் பாக்க வந்தேன்" என்றார் அக்கா.

மாமி அதற்கு என்ன நினைத்தாரோ, கையைக் காட்டிப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் எழுந்து கதவுக்கு வருவதற்குள் அக்கா வந்துவிட்டார். வாய்மேல் விரல் வைத்தேன். முதலாளியைப் பார்த்து வாயில் விரல் வைத்தது அதுதான் முதலும் கடைசியும்.

என் வீட்டுக்காரர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் அப்படித்தான். சனிக்கிழமை வந்ததும் இரண்டு வார்த்தை பேசுவார், குளிப்பார், சாப்பிடுவார். ஞாயிறு விடிந்ததும் ஒரு காபி. பிறகு மறுபடி படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுப்புவேன். ஆறு நாள் தூக்கத்தையும் அங்கே சேர்த்து வைத்துக்கொண்டு வருவாரோ என்று தோன்றும்.

அக்கா செருப்பை வெளியே கழற்றிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தூங்குகிறவரையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பவும் இப்படித்தான் தூங்குவாரா?" என்றார்.

"ஆமாங்கக்கா. ராத்திரி வேலை."

"நீ என்ன பண்ணுவே?"

"பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"அவர்தான் தூங்கறாரே."

அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பக்கம் மாமி வீட்டுக் கிளிப்பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது, அதைக்கூட என்ன பச்சை என்று கேட்கவில்லை. நான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்காவும் ஒரு கட்டைத் தன் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் அக்காவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, எனக்கே பயமாகிவிட்டது. கீரை தீர்ந்ததும் எழுந்தார். காபி வேண்டுமா என்று ஜாடையில் கேட்டேன். வேண்டாம் என்று ஜாடையிலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒருவர் வந்துபோனதே தெரியாது.

மாதக் கடைசியில் கூட்டம் கூடியது. தலைவர் மறுபடி ஏ.சி.யிலும் பலூனிலும் ஆரம்பித்தார். அக்கா எழுந்தார்.

"எங்க கடையில ரெண்டு பேர் வேலை பாக்கறாங்க. ஒருத்திக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும். இன்னொருத்திக்கு ஞாயித்துக்கிழமை லீவே வேண்டாம், செவ்வாக்கிழமை போதும். உங்க கடையிலயெல்லாம் கேட்டுப் பார்த்தீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. திறக்கலாம் என்றவர்களும் கேட்கவில்லை, வேலைக்காரங்க பாவம், கூடாது என்றவர்களும் கேட்கவில்லை.

"ஒவ்வொருத்தரையா கேட்டுக்கிட்டிருந்தா கடை நடத்த முடியுமாம்மா?" என்றார் தலைவர்.

"எனக்கும் தெரியலைங்க. நடத்திப் பார்த்துட்டு சொல்றேன்" என்றார் அக்கா.

கடைசியில் இஷ்டப்பட்டவர் திறக்கலாம், இஷ்டமில்லாதவர் மூடிக்கொள்ளலாம் என்று முடிந்தது. எங்கள் கடை ஞாயிறும் திறந்தது. அக்காவும் செல்வியும் ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் நானும் செவ்வாய்க்கிழமை, மற்ற நாட்களில் எல்லோரும். என் ஞாயிறு எனக்கே கிடைத்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நேரம், அக்கா ஃபால்ஸ் சுருளைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் துறையூர்ல இருக்காரு?"

"மில்லு அங்கதானேக்கா இருக்கு."

"நீ ஏன் ஸ்ரீரங்கத்துல இருக்கே?"

"கடை இங்கதானேக்கா இருக்கு."

"துறையூர்ல மேட்சிங் சென்டர் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன். செல்விக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்தது கைக்கடங்கவில்லை, அதனால் நைசாகக் கழற்றிவிடுகிறார் என்று தோன்றியது. அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரியாணிக்கு உட்கார்ந்தபோது வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தம்மா கேக்கறது சரிதானே. நீ ஏன் அங்க வரலை?" என்றார்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"நீ கடையை விட்டு வரமாட்டேன்னு நெனச்சேன்."

அவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன், நான் கடையை விடமாட்டேன் என்று அவர் நினைத்திருந்தார். இரண்டு பேரும் நினைத்துக்கொண்டே வருடங்களை ஓட்டிவிட்டோம். மேசையில் பிரியாணி ஆறிப்போய்க் கிடந்தது. எனக்கு அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா, அக்காமேல் கோபமா என்றே புரியவில்லை.

லைனிங் துணி போடும் ஏஜென்ட் துறையூர்ப் பக்கமும் போய் வருபவர். அக்கா அவரைக் கேட்காமல் இருப்பாரா? அங்கே ஒரு கடையில் ஆள் தேவை என்று தெரிந்துவிட்டது. அந்தக் கடையும் ஞாயிறு திறக்கும் கடைதான். முன்பானால் ஐயோ என்றிருப்பேன். தினம் ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர்களுக்கு எந்தக் கிழமை லீவாக இருந்தால் என்ன?

நாங்கள் சாமான்களை ஏற்றிவிட்டு துறையூருக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று நான் மட்டும் நடந்தேன். எங்கள் சந்து ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். பாதி ஷட்டர்கள் இறங்கியிருந்தன. பாத்திரக் கடை திறந்திருந்தது, தலைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் செல்வி சாப்பிடப் போயிருந்தாள். அக்கா மட்டும் வாசலில் நின்றிருந்தார். சாம்பல் நிறப் புடவை, ஆரஞ்சு ரவிக்கை.

நான் நின்ற நேரத்தில் ஒரே ஒரு பெண் வந்தாள். ஊசி வாங்கிக்கொண்டு போனாள். அவளிடமும் என்ன தைக்கப் போகிறாய், யாருக்கு என்று அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவள் போனதும் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

"கூட்டமே இல்லையேக்கா. அப்புறம் ஏன் ஞாயித்துக்கிழமை தெறந்து வச்சிருக்கீங்க?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெறக்கணும்னு ஆசைம்மா. அவ்வளவுதான். சனிக்கிழமை ஷட்டரை இறக்கிட்டுப் போனா திங்கக்கிழமை முதல் கஸ்டமர் வர்ற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வீட்டுல யாரைக் கேக்கறது, என்னத்தைக் கேக்கறது? சங்கத்துல இந்தப் பேச்சு வந்தப்போ எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்கே பயமாப் போச்சு. எனக்குப் பொழுது போகலைங்கறதுக்காக உங்க ரெண்டு பேரு லீவைப் பிடுங்கிடுவேனோன்னு. அதான் நேர்ல வந்து பார்த்தேன்."

தட்டில் இருந்த துணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரை அப்படி ஒரு வீட்டில், அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஆசைப்பட்டது தப்பா?" என்று கேட்டார். அவர் வழக்கமாகக் கேட்கும் குரல் இல்லை அது.

"தப்பே இல்லைக்கா. இதை நீங்க அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமை நானே வந்திருப்பேனேக்கா."

"நீ வந்திருப்பேன்னு தெரியும்" என்றார் அக்கா. "அதனாலதான் சொல்லலை."